தெருக்களுக்கு ஸ்தல புராணம் எழுதியவர்

எங்கள் பாட்டனார் திருவொற்றியூர்த் தேரடியில் பஸ் ஏறிப் பாரிமுனைக்குப் போகும் நாட்களிலெல்லாம், "பட்டணத்துக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசற்படி இறங்குவார். மாலையில் திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்ததும், தூரதேசம் போய் வந்தவரைப் போலப் பட்டணத்துச் சமாசாரங்களை விஸ்தாரமாகச் சொல்லுவார். நாங்கள் குடியிருந்த ஊர் பட்டணத்தைச் சேர்ந்ததா, சேராததா என்ற கேள்வி அவருக்கும் எழுந்ததில்லை, சிறுவர்களாகிய எங்களுக்கும் எழுந்ததில்லை. நெடுநாளைக்குப் பிறகு சென்னையின் பழைய சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கியபோதுதான், 1708-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஐந்து கிராமங்கள் மானியமாகக் கிடைத்தன என்பதும், திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்பவையே அந்த ஐந்து என்பதும் எனக்குத் தெரியவந்தன. கூடப் பிறந்தவர்களைப் போல ஒன்றாக வந்து சேர்ந்த இந்த ஊர்களில் நுங்கம்பாக்கம் பெரிய மனிதர்களின் தோட்ட வீடுகளுக்கும், பின்னர் கல்லூரிகளுக்கும் காரியாலயங்களுக்கும் இருப்பிடமாகி நகரத்தின் நடுநாயகமாய் விளங்க, திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியின் எல்லைக்குள் காலெடுத்து வைப்பதற்கு 2011-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எங்கள் பாட்டனார் படி இறங்கும்போது சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் முந்நூறு ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருந்தது என்பதை அவரிடம் சொல்லி மகிழ எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இவ்விதமாக, தினந்தோறும் நாம் மிதித்து நடக்கும் தெருவைப் பார்த்து, "நீ எப்போது உண்டானாய், உன்னை உண்டாக்கியவர் யார், உனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்கும் பழக்கத்தைச் சென்னைவாசிகளுக்குப் பிடிவாதமாகக் கற்றுக்கொடுத்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்து 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி மறைந்தார். எஸ். முத்தையா என்ற அந்தப் பெயரை ஆங்கிலப் பத்திரிகை படிப்பவர்கள் நன்கு அறிவார்கள். தமிழ் மட்டும் படிக்கும் வாசகர்களுக்கு அவர் இன்னும் போதிய அளவு அறிமுகமாகவில்லை என்பது என் அபிப்பிராயம். அவருடைய பிரதான நூல் "சென்னை மறுகண்டுபிடிப்பு" என்று தமிழில் வந்திருந்துங்கூட, இந்நகரத்தின் வடபகுதியில், அதாவது அந்த நூலுக்கு விஷயதானம் செய்த இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், அதைப் படித்தவர்களை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுத முற்பட்டதற்கு அந்தக் குறையே காரணம்.

முத்தையா சென்னையில் பிறந்தவர் அல்லர். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், நகரத்தார் குடும்பம் ஒன்றில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்று, மறுபடியும் கொழும்புக்கே திரும்பி, "டைம்ஸ் ஆஃப் சிலோன்" பத்திரிகையில் ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, அதன் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் பொறுப்பையும் வகித்தவர். 1968-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது வயது முப்பத்தெட்டு. ஒரு நகரத்தின் மேல் காதல் கொள்ளுவதற்கு அது சற்றுக் காலம் கடந்த வயது என்று சிலர் நினைக்கக்கூடும். பிறந்த ஊரைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்குத் தோன்றுவதில்லை; அங்கே எல்லாம் எப்போதும் அப்படியே இருந்ததாக எண்ணிக்கொள்ளுகிறோம். வெளியிலிருந்து வருபவனுக்கோ தெருப்பெயர் ஒவ்வொன்றும் விடுகதை. அதிலும் அவன் பத்திரிகைக்காரனாகவும் இருந்துவிட்டால், விடை தெரியும்வரை அவனுக்கு உறக்கம் வராது.

சென்னையில் அவர் ஏற்ற உத்தியோகமும் இதற்கு இசைவாக அமைந்தது. டி.டி.கே. குழுமத்தைச் சேர்ந்த டி.டி. மேப்ஸ் என்ற ஸ்தாபனத்தில், தேசப்படங்களும் நகர வரைபடங்களும் அச்சிடும் காரியத்தை அவர் நடத்தினார். வரைபடம் தயாரிக்கிறவனுக்கு ஒரு சந்தையும் அலட்சியம் இல்லை, ஒரு சந்தும் அலட்சியம் இல்லை. காகிதத்தில் ஒரு கோடு இழுத்தால் அதன் அருகே பெயர் எழுத வேண்டும், பெயர் எழுத வேண்டுமானால் அது சரிதானா என்று விசாரிக்க வேண்டும். இந்த விசாரணைகளின் நடுவே ஊறிய மனத்திலிருந்து 1981-ஆம் ஆண்டில், சென்னையைக் கண்டறிந்து சொல்லும் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. சிறிய நூலாகப் பிறந்த அது, பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, பெயரும் சற்று மாறி, ஒரு பெரிய கிரந்தமாகவே ஆகிவிட்டது. புத்தகம் பருத்ததற்குக் காரணம் அவருடைய படிப்பு மாத்திரம் அன்று. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

நம்முடைய முன்னோருக்கு ஊர்ச் சரித்திரம் புதிய விஷயம் அன்று. ஒவ்வொரு திருத்தலத்துக்கும் ஸ்தல புராணம் உண்டு. தீர்த்தம் இன்னது, விருட்சம் இன்னது, இங்கே வழிபட்டவர் இன்னார் என்று அது வரிசைப்படுத்தும். திருவொற்றியூருக்கு அப்படிப்பட்ட பெருமைக்குக் குறைவில்லை. தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்துகொண்ட தலம். பட்டினத்தார் அடங்கிய கடற்கரை. ஏழுகிணற்றுத் தெருப் பக்கத்தில் குடியிருந்த இராமலிங்க அடிகள் கால்நடையாக வந்து தரிசித்த சந்நிதி. ஆனால் கோயில் வாசலைக் கடந்து நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு புராணமும் இல்லை, சரித்திரமும் இல்லை; லாரிகளும் தூசியுமே மிஞ்சும். தலங்களுக்கு இருந்த புராணத்தைத் தெருக்களுக்கும், பாலங்களுக்கும், கிடங்குகளுக்கும், ஆலைகளுக்கும் எழுத வேண்டும் என்பதே முத்தையாவின் வாழ்நாள் பிரயாசையாக இருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. புராணத்தை நாம் நம்பிக் கேட்கிறோம்; அவரோ எதையும் தேதியும் அத்தாட்சியும் இன்றி நம்பத் தயாராக இல்லாதவர்.

ஏனென்றால் அடிப்படையில் அவர் நிருபர். அதோடு நிருபர்களை உருவாக்கும் ஆசிரியர். பாரதிய வித்யா பவனின் இதழியல் வகுப்புகளில் பல ஆண்டுகள் அவர் பாடம் நடத்தினார். இன்று சென்னையின் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களில் அவரிடம் நேரடியாகவோ, அவர் நடத்திய பத்திரிகையில் எழுதிப் பழகியோ தொழில் கற்றவர்கள் பலர். நானும் சில காலம் இதழியல் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் ஆதலால், அவருடைய எழுத்தை வகுப்பில் எடுத்துவைத்து, ஒவ்வொரு பத்தியும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துக் காட்டியதுண்டு. அலங்காரம் அதிகம் இராது. யார், எப்போது, எங்கே, எவ்வளவு என்ற நான்கும் முதலில் வந்துவிடும். அதற்குப் பிறகு, அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்ற ஐந்தாவது விஷயம் தவறாமல் வரும். அந்த ஐந்தாவது விஷயத்தில்தான் அவருடைய உள்ளம் தெரியும். கடந்த காலத்தை அதோடு முடித்துவிடாமல், இன்று காலையில் நாம் அந்த வழியே நடந்தால் எதைக் காண்போம் என்று முடிப்பார். காண முடியாமற்போனால், இடித்தது எப்போது என்று சொல்லி முடிப்பார்.

அந்த முறையைக் கைக்கொண்டு, துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கி ஒரு நாள் நடந்து பார்க்கலாம்.

பாரிமுனையில் இறங்கிக் கடற்கரைச் சாலை வழியே போனால் வலப்புறம் நெடுக உயர்ந்த மதில். அதற்கு அப்பால் துறைமுகம். சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கப்பல்கள் ஆழ்கடலில் நின்றுகொள்ள, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் மனிதர்களையும் மூட்டைகளையும் ஏற்றி, ஓயாது குமுறும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவர்கள் நம்முடைய படகுக்காரர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரத்தின் வாணிபம் முழுவதும் அவர்களுடைய தோள்வலிமையில் நடந்தது. 1861-ல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது; 1875-ல் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள்; வேலை முடிகிற தறுவாயில் 1881-ஆம் ஆண்டுப் புயல் வந்து கட்டியதைப் பெரும்பாலும் கலைத்துவிட்டது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கு நோக்கியிருந்த வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்ததால், போர்ட் டிரஸ்டின் தலைவராக 1904 முதல் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். அவருடைய காரியாலயத்திலே 1912-ஆம் ஆண்டு மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு அமர்ந்தார். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். உலகமே போற்றும் கணித மேதை நம் துறைமுகத்துக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற விஷயத்தை, அந்த மதிலோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எத்தனை மாணவர்களுக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானிய யுத்தக் கப்பல் எம்டன் இதே துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றியெரியச் செய்தது; சில நிமிஷங்களில் முடிந்துபோன அந்தச் சம்பவம், கெட்டிக்காரனையும் எதற்கும் அஞ்சாதவனையும் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கை நம் பாஷைக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

துறைமுகத்தால் ஊருக்கு விளைந்த நன்மையை எல்லாரும் சொல்லுகிறார்கள். விளைந்த கேட்டை வடசென்னையார் மட்டுமே அறிவார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாய் நகர்ந்துகொண்டே இருக்கும் மணலைத் துறைமுகத்தின் கரங்கள் தடுத்து நிறுத்தியதால், தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து உலகம் புகழும் மெரீனாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் கிடைக்காத கடல், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் கரையை அரித்துத் தின்னத் தொடங்கியது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, படகு ஏற்றி நிறுத்த மணல் இல்லாமல் போயிற்று. கருங்கற்களைக் கொட்டியும் தூண்டில் வளைவுகள் கட்டியும் இன்றளவும் அந்தக் கடலோடு போராடி வருகிறார்கள். மெரீனாவில் மாலைக் காற்று வாங்கும் ஒவ்வொருவரும் அமர்ந்திருப்பது ஒரு வகையில் வடசென்னையின் மணலில்தான் என்று நான் சொன்னால், அதை மிகைக்கூற்றாகக் கொள்ள வேண்டாம்.

இராயபுரத்துக்கு வருவோம். இராயப்பர் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் அழைக்கும் புனித பேதுருவின் பெயரால் இந்த ஊர் பெயர் பெற்றது என்பது வழக்கு. அவருக்கு இங்கே ஆலயம் எழுப்பியவர்கள், மேலே சொன்ன படகுக்காரர்களே. அந்த ஆலயத்திலிருந்து சற்றுத் தூரத்தில் 1910-ஆம் ஆண்டில் பார்சி மக்கள் அமைத்த அக்கினி ஆலயம் அமைதியாக நிற்கிறது. அதற்கும் அப்பால், இன்று அண்ணா பூங்கா என வழங்கும் ராபின்சன் பூங்காவில் 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி, மழையில் நனைந்துகொண்டே திரண்ட ஜனங்களின் முன்னிலையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இம்மூன்றும் இந்தச் சிறிய வட்டாரத்தில் நடைதூரத்துக்குள் அடங்கியிருப்பதுதான் இராயபுரத்தின் விசேஷம். கடல் வழியாகவும் ரயில் வழியாகவும் மனிதர்கள் வந்து இறங்கிய இடத்தில் எல்லாத் தெய்வங்களுக்கும் எல்லாக் கொள்கைகளுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

ரயில் என்றதும் முத்தையா மிகுந்த அபிமானத்தோடு திரும்பத் திரும்ப எழுதிய அந்தக் கட்டடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் தேதியிலிருந்து வாலாஜா ரோடு வரையில், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு, பொதுஜனப் போக்குவரத்து தொடங்கியது. பம்பாயிலும் தாணாவிலும் இதற்கு முந்திக் கட்டிய நிலையங்களின் ஆதிக் கட்டடங்கள் மறைந்துவிட்டபடியால், இந்தியாவில் இன்று நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது நம்முடைய இராயபுரமே. 1873-ல் சென்ட்ரல் நிலையம் எழுந்ததும் இராயபுரத்தின் மகிமை சிறிது சிறிதாகக் குறைந்தது. உயர்ந்த தூண்களோடு கூடிய அந்த அழகிய மண்டபம் பல்லாண்டு காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. கூரை ஒழுகிற்று, சுவரில் ஆலஞ்செடி முளைத்தது. ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் சிலரே. அவர்களில் முதல்வர் முத்தையா. 2005-ஆம் ஆண்டில் ரயில்வே நிர்வாகம் அதைப் புதுப்பித்தது. ஒரு மனிதரின் எழுத்தே அதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்து இல்லாதிருந்தால் அது புதுப்பிக்கத்தக்க ஒரு பொருள் என்ற நினைப்பே ஜனங்களுக்கு வந்திராது என்று மட்டும் சொல்லுவேன்.

எல்லா முயற்சிகளும் இப்படிப் பலித்துவிடவில்லை. கடற்கரைச் சாலையில் உச்ச நீதி ஸ்தலமாகவும் கலெக்டர் காரியாலயமாகவும் இருந்த பெண்டிங்க் கட்டடம் 1990-களில் இடிபட்டது. இன்று அங்கே சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. பழைய கறுப்பர் நகரத்தைச் சூழ்ந்து 1772 வாக்கில் கட்டி முடித்த கோட்டைமதில், பழைய சிறைச்சாலைச் சாலையில் ஒரு துண்டு நீங்கலாக மறைந்துவிட்டது. அந்த மதிலுக்கென விதிக்க நினைத்து வசூலிக்க முடியாமற்போன வரியோ, வால்டாக்ஸ் ரோடு என்று பெயராக மாத்திரம் வாழ்கிறது.

முத்தையாவின் பத்திரிகைப் பணியைச் சொல்லாமல் அவருடைய ஆசிரியத்தன்மையை விளக்க முடியாது. 1991-ஆம் ஆண்டில் "மெட்ராஸ் மியூசிங்ஸ்" என்ற மாதமிருமுறை இதழை அவர் தொடங்கினார். லாபத்தை உத்தேசிக்காத அந்த இதழ் ஒரு சமயம் நின்றுவிடும் போலிருந்தபோது, நகரத்தின் தொழிலதிபர்கள் சிலர் கைகொடுத்து நிலைநிறுத்தினார்கள். 1999 முதல் "தி இந்து" நாளிதழில் திங்கட்கிழமைதோறும் அவர் எழுதிவந்த பத்தி, அவருடைய இறுதிக் காலம் வரையில், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தொடர்ந்தது. கம்ப்யூட்டரைத் தொடாமல், தட்டச்சு இயந்திரத்திலேயே அவ்வளவையும் அவர் எழுதினார் என்பதை அவரை அறிந்தவர்கள் சொல்லுவார்கள். அந்தப் பத்தியில் தபால்காரர் கதவைத் தட்டியதாக ஒரு பகுதி அடிக்கடி வரும். போன வாரம் எழுதியதில் இன்ன பிழை என்றும், இன்ன மனிதரின் பேரன் நான் என்றும், அந்தக் கட்டடத்தின் பழைய படம் என்னிடம் இருக்கிறது என்றும் வாசகர்கள் எழுதும் கடிதங்களை அங்கே அவர் வெளியிடுவார். தம் தவற்றை அச்சில் ஒப்புக்கொள்ள எழுத்தாளர்கள் பொதுவாகக் கூசுவார்கள்; அவரோ அதை ஓர் அறுவடையாகவே கருதினார். அவருடைய நூல் பதிப்புக்குப் பதிப்பு பருத்ததன் ரகசியம் இதுதான். ஓய்வு பெற்ற ரயில்வே உத்தியோகஸ்தர், துறைமுகத்துக் குமாஸ்தாவின் மகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பாட்டி, கடல்கடந்து போய்விட்ட ஒரு பழைய மாணவர் என்று, ஊர் முழுவதும் சேர்ந்து எழுதிய சரித்திரம் அது. மாணவர்களுக்கு நான் சொல்லுவது இதைத்தான்: சரித்திரப் பேராசிரியர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார், இதழியல் ஆசிரியர் ஆவணக் காப்பகத்தைத் தம் வீட்டு வாசலுக்கு வரவழைத்தார்.

2004-ஆம் ஆண்டில் அவரும், சசி நாயர், வின்சென்ட் டிசூசா என்ற இரு பத்திரிகையாளர்களும் சேர்ந்து, ஆகஸ்ட் 22-ஆம் தேதியைச் சென்னை தினமாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். 1639-ஆம் ஆண்டில் அந்தத் தேதியில் கம்பெனியார் மதராஸ்பட்டினத்து நிலத்தைப் பெற்றார்கள் என்பது கணக்கு. ஜூலையா ஆகஸ்டா என்ற விவாதமும் உண்டு. கம்பெனிக்காரன் வந்த நாளையா ஊரின் பிறந்தநாளாகக் கொள்ளுவது, திருவொற்றியூரும் மயிலாப்பூரும் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செழித்திருந்தனவே என்று கேட்பவர்களுடைய நியாயமும் எனக்குப் புரிகிறது. எங்கள் கோயில் கல்வெட்டைப் படித்த எவனும் அவ்வாறு கேட்கத்தான் செய்வான். இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுந்த எங்கள் விமானத்தைக் கட்டிய சிற்பியின் பெயர் இரவி என்ற வீரசோழத் தச்சன் என்று அந்தக் கல்வெட்டு கூறுகிறது; பாணினியின் இலக்கணத்தை விளக்கிச் சொல்வதற்கென்றே ஒரு வியாகரண மண்டபம் அங்கே இருந்தது. என்றாலும், அந்த ஆகஸ்ட் வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் விடியற்காலையில் எழுந்து, நடைப்பயணமாகத் தங்கள் தெருக்களைச் சுற்றிப் பார்க்கிறார்களே, அதற்காக நான் தேதியைப் பற்றிச் சண்டையிட விரும்பவில்லை.

தேரடியைத் தாண்டி வடக்கே செல்லச் செல்லக் கோபுரத்தின் இடத்தைப் புகைபோக்கிகள் பிடித்துக்கொள்ளுகின்றன. 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் தொழில், எம்.ஆர்.எஃப். என்ற டயர் ஸ்தாபனமாக வளர்ந்தது இங்கேதான். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள்கள் ராணுவத்துக்குப் போயின. இங்கிலாந்திலிருந்த தாய்த் தொழிற்சாலை மூடிய பிறகும் திருவொற்றியூர் அதை விடாமல் செய்துவந்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரை ஒரு ரயில் நிலையமே தாங்கி நிற்கிறது. எண்ணூரில் ரகுநந்தன் சரண் 1948-ல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பத் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்டாகி லாரியும் பஸ்ஸும் செய்தது; எங்கள் பாட்டனாரைப் பட்டணத்துக்கு ஏற்றிச்சென்ற பஸ்ஸும் அவ்வழியே வந்ததாகவே இருக்கும். இந்த ஸ்தாபனத்தின் சரிதத்தையும் முத்தையா நூலாக எழுதியிருக்கிறார். பாரி, ஸ்பென்ஸர், சிம்ப்ஸன் ஆகிய பழைய கம்பெனிகளின் சரிதங்களும் அவர் கையால் ஆனவை.

இங்கே என் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகளின் சரிதத்தை எழுதுகிறபோது, அதைத் தொடங்கியவரும் வளர்த்தவரும் முன்னிலையில் வந்து நிற்கிறார்கள்; இயந்திரத்தின் முன் நின்றவர்கள் எண்ணிக்கையாக மாத்திரம் தெரிகிறார்கள். முத்தையாவின் நூல்களிலும் அந்தச் சாய்வு உண்டு. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, வாடியா, திரு.வி.க. போன்றவர்களின் துணையோடு இந்தியத் தொழிற்சங்க இயக்கத்துக்கே வழிகாட்டிய இந்தப் பகுதியில், அந்தத் தரப்புச் சரித்திரம் இன்னும் விரிவாக எழுதத் தக்கது. அவர் கைவைக்காமல் விட்டதை அவருடைய முறையைக் கொண்டே நாம் எழுதலாம் என்பதுதான் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து என்று நான் கருதுகிறேன்.

எண்ணூருக்கு வந்தால் நிலம் முடிந்து நீர் தொடங்குகிறது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம், உப்பளங்கள், இறால் பிடிக்கும் வலைகள். ஒரு காலத்தில் கம்பெனித் துரைமார் காற்று வாங்கிப் படகு விடுவதற்காக உல்லாசமாக வந்து தங்கிய இடம் இது. சென்னையிலிருந்து இங்கே வருவதற்குக் காக்ரேன் என்பவர் வெட்டிய உப்புநீர்க் கால்வாயே பின்னாளில் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. துரைமார் போனார்கள், அனல்மின் நிலையங்கள் வந்தன, சாம்பல் வந்தது, 2001-ல் இன்னொரு துறைமுகமும் வந்தது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அந்தத் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் கருங்களியாய் ஒதுங்கியபோது, மீனவர்களும் இளைஞர்களும் வாளிகளைக் கொண்டு அதை மொண்டு மொண்டு எடுத்ததை நான் நேரில் கண்டேன். நாடெங்கும் மின்சாரமும் லாரியும் உரமும் அனுப்பிய ஊருக்குத் திருப்பிக் கிடைத்தது அது. அந்த வாளிகளை ஏந்தியவர்களின் பெயர்களை யாரேனும் எழுதிவைத்திருக்கிறார்களா என்று அன்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

எங்கள் தெருவில், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். ஆலைச் சங்கு ஊதுவதை வைத்தே அவர் வீட்டில் உலை வைத்த காலம் ஒன்று உண்டு; சங்கு நின்று பல ஆண்டுகள் ஆகியும், அந்த நேரத்துக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சென்ற ஆகஸ்ட் மாதத்தில், என்னிடம் படித்த மாணவி ஒருத்தியை அவரிடம் அழைத்துச் சென்றேன். அவள் கையில் ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலும் இருந்தன. என்ன கேட்பது என்று வழியில் என்னைக் கேட்டாள். யார், எப்போது, எங்கே, எவ்வளவு என்று தொடங்கு, இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதில் முடி என்று சொன்னேன். திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, துண்டால் பக்கத்து இடத்தைத் தட்டித் துடைத்து, "உட்காரும்மா" என்றார். "ஐயா, நீங்கள் எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீர்கள்?" என்று அவள் கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வலக்கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்றைக் குச்சியைத் தட்டிச் சமன் செய்வது போல இரண்டு முறை அசைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு பேசத் தொடங்கினார்.